மலைக்குப் போன பூனை

வீடு மாற்றும்போது பூனையை என்ன செய்வது? இதனை அற்பக் கேள்வி என்று எண்ணுகிறவர்கள் பூனை வளர்த்தறியாதவர்களே. நாய் தன்னை வளர்ப்போரைப் பற்றிக்கொண்டு வாழும். பூனையோ வீட்டையும் பற்றிக்கொள்ளும்.

பணிமாற்றத்தின் காரணமாக நாங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. பூனையை அண்டை வீட்டில் விட்டுவிடுங்கள் என்றே உறவினர் யாவரும் கூறினர். இரண்டு நாள் சுற்றுலாவாயின் நாங்களும் அவ்வாறே செய்திருப்போம். அதுவே பூனைக்கும் நல்லது. ஆனால் எங்கள் அன்னையார் இசையவில்லை. தந்தையார் மறைந்தபின் திண்ணையில் அவருக்குத் துணையாயிருந்தது அந்தச் சாம்பல்நிறக் கடுவன் ஒன்றுதான். (ஆண் பூனையைக் கடுவன் என்பது நம் பழைய மரபு.) “அவனை விட்டுத்தான் வரவேண்டுமென்றால் நானும் இங்கேயே இருந்துகொள்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஆயத்தங்கள் செய்தோம். சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. வெறிநோய் நாய்க்கடியால் மட்டும் வருவதன்று, பூனைக்கடியாலும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். புறப்படும் நாள் காலையில் உணவு கொடுக்கவில்லை. மூங்கிற் கூடையில் அது வழக்கமாய்ப் படுக்கும் சாக்கைத் துவைக்காமலே விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டி, மேலே பழம்புடவை ஒன்றைப் போர்த்தினோம். தன் மணம் வீசும் துணி அருகிலிருந்தால் பூனையின் அச்சம் சற்றே தணியும்.

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடக்கும்வரை கூடைக்குள் அரவமே இல்லை. மலையேற்றம் தொடங்கியதும் அழுகையும் தொடங்கிற்று. வளைவுதோறும் குரல் உயர்ந்தது. வாயில் நீர் வடிய, நாக்கை நீட்டி இரைத்தது. காதின் உட்புறத்தில் உடற்சமநிலையைக் காக்கும் உறுப்பு நமக்கிருப்பது போலவே பூனைக்கும் உண்டு. மலைப்பாதை அதனையும் வாட்டும். இளையவள் வாந்தியெடுத்தாள் என்று ஓரிடத்தில் வேனை நிறுத்தினோம். பூனைக்கும் சிறிது காற்று வரட்டுமே என்று கயிற்றை அவிழ்த்தது யார்? பிள்ளைகள்மேல் பழி வேண்டாம், நாமேதான். இரக்கத்தால் செய்த காரியம். ஒரே பாய்ச்சலில் அது உண்ணிச்செடிப் புதருக்குள் மறைந்தது.

அதன்பின் செய்ததெல்லாம் தவறு. கூவினோம், கை தட்டினோம், ஆளுக்கொரு திசையில் ஓடினோம். அன்னையார் ஒன்றும் பேசவில்லை. அதுவே எங்களை அதிகம் சுட்டது.

அவ்வழியே விறகுச் சுமையுடன் வந்த முதியவர் ஒருவர் நின்று கேட்டார். அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். இப்பெயரைக் கேட்டதும் கேரளத்தாரை நினைக்க வேண்டாம், இம்மலையில் தலைமுறை தலைமுறையாய் வாழும் மக்கள் இவர்கள். ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே சமவெளியார் மலையேறுகிறோம் என்றொரு நினைப்பு நம்மிடம் உண்டு. அன்று கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்தாம்.

“பயந்த பூனை தூரமாய்ப் போகாதுங்க, பக்கத்திலேதான் பதுங்கியிருக்கும். சத்தம் போட்டால் வெளியே வராது. சோறு போடுகிற கை ஒன்று மட்டும் இங்கே இருக்கட்டும்” என்றார் அவர்.

அவர் சொன்னது எத்துணைச் சரியென்று பின்னர் அறிந்தோம். காணாமற்போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், கண்டெடுக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ முக்காற்பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்ததாகக் கூறப்பட்டுள்ளது.

பிள்ளைகளையும் சாமான்களையும் வேனில் வெள்ளிமலைக்கு அனுப்பிவிட்டோம். அன்னையார் புதரோரம் சாக்கை விரித்து, சாலையோரச் சிறுபாலத்தின் கட்டைமேல் அமர்ந்தார். எங்களைச் சற்றுத் தள்ளி இருக்கச் சொன்னார். அலுமினியத் தட்டை விரலால் மெல்லத் தட்டினார். வீட்டில் சோறு வைக்கும்போது தட்டுகிற அதே தட்டு. பொழுது சாய்ந்தது. பனி இறங்கிற்று. நரியின் ஊளை கேட்டபோது எமக்கு நெஞ்சு நடுங்கியது. முதியவர் வீட்டுக்குப் போகாமல் எங்களுடனேயே குந்தியிருந்தார்.

நன்றாக இருட்டியபின் இரண்டு கண்கள் தெரிந்தன. அன்னையார் அசையவில்லை, பெயர் சொல்லி அழைக்கவுமில்லை. அது வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வந்து, சாக்கின்மேல் ஏறி, தட்டிலிருந்ததைத் தின்னத் தொடங்கிற்று. தின்று முடித்துப் படுத்தபிறகே சாக்கோடு சேர்த்துத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார். கயிற்றை அவரே கட்டினார், எம்மிடம் தரவில்லை.

புதிய வீட்டில் மூன்று வாரம் ஓர் அறைக்குள்ளேயே வைத்திருந்தோம். அவ்விடத்தைத் தன் வீடென்று அது ஏற்க அவ்வளவு காலம் வேண்டும்; முன்னரே வெளியே விட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடக்கூடும். பிறகு ஒருநாள் காலை, உணவு வைக்குமுன், பசியோடிருக்கும்போதே கதவைத் திறந்தோம். படியில் அமர்ந்து மூடுபனியை நெடுநேரம் பார்த்தது. முற்றத்தை ஒருமுறை சுற்றிவந்தது. தட்டின் ஓசை கேட்டதும் உள்ளே வந்துவிட்டது.

அந்தச் சாக்கை இன்றுவரை துவைக்க அன்னையார் விடவில்லை.