திறப்பு விழா முடிந்த பிறகு

தர்மபுரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டதாரி. பெங்களூரில் நாலு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பின் சொந்த ஊருக்கே வந்துவிட்டார். கற்ற வித்தை கையில் இருக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்க மனம் வருமா? ஜவுளிக் கடை, பல் டாக்டர், ஒரு பள்ளிக்கூடம், ஒகேனக்கல்லில் இரண்டு லாட்ஜ் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்தத் தளங்களை மாதா மாதம் பராமரித்துத் தரும் வேலையையும் ஆரம்பிக்க எண்ணம்.

"சொன்னால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். 'வெப்சைட்டுதான் நல்லா இருக்குதே, அதுக்கு மாசா மாசம் எதுக்கும்மா பணம்?' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? நோட்டீஸ் அடிக்கலாமா?" என்று கேட்கிறார். அவருடைய மாமியாரும் இதே கேள்வியைத்தான் கேட்டாராம்!

நோட்டீஸ் அப்புறம் அடிக்கலாம், சகோதரி. முதலில் அந்தக் கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொள்ளுங்கள். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிறோம். சைக்கிள் கிறீச்சிட்டால் எண்ணெய் போடுகிறோம். இணையதளம் ஒழுகுவதும் இல்லை, கிறீச்சிடுவதும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் திறந்து வைத்த அன்று எப்படிப் பளபளத்ததோ, இன்றும் அப்படியே பளபளக்கிறது. கோளாறே அதுதான். ஊரும் உலகமும் மாறிவிட்டன. அது மட்டும் மாறாமல் நிற்கிறது.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். கட்டின வீட்டுக்கு ஒட்டடை அடிப்பது யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அது யார் தலையில் விழுகிறது என்று நம் வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! தினம் தினம் துடைத்து வைத்தால் ஒருவர் கண்ணிலும் படாது. ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், வருகிற விருந்தாளி அத்தனை பேர் கண்ணும் அந்த மூலைக்குத்தான் போகும். இந்தச் சகோதரி விலை பேச நினைக்கிற வேலையும் இந்த ஜாதிதான். நன்றாகச் செய்தால் தெரியாத வேலை. அதற்குக் கூலி கேட்பது கஷ்டமான காரியம் என்பது வாஸ்தவம்.

ஆனால் தர்மபுரிக்காரருக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை போனால் போதும்.

காவிரி எப்போதும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. கர்நாடகத்தில் மழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால், பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். உடனே மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும், அருவியில் குளிக்கவும் தடை போட்டுவிடும். 2024 ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. அந்தச் சமயத்தில் பரிசலாவது, சவாரியாவது! பாறையே கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறை இரண்டு நாள். ஒரு லாட்ஜின் இணையதளத்தைத் திறக்கிறார்கள். "ஆண்டு முழுவதும் பரிசல் சவாரி, குடும்பத்தோடு வாருங்கள்" என்று அழகான படத்தோடு போட்டிருக்கிறது. பாட்டி, இரண்டு குழந்தைகள், எண்ணெய்ப் பாட்டில், மாற்றுத் துணி சகிதம் புறப்பட்டு வருகிறார்கள். வந்தால் வாசலில் போலீஸ் தடுப்பு. குழந்தைகள் அழுகின்றன. பாட்டி முணுமுணுக்கிறாள். குடும்பத் தலைவர் யாரிடம் சண்டைக்குப் போவார்? காவிரியிடமா? லாட்ஜ் கௌண்டரிடம்தான்! ஆடு தாண்டும் இடத்தில் ஆளையே அடித்துக்கொண்டு போகிற நதி அது. பழைய விளம்பரத்தை நம்பி யாராவது ஒதுக்குப்புறமாக இறங்கிவிட்டால் விபரீதம் வேறு. இவ்வளவையும் தடுக்கத் தளத்தின் முகப்பில் இரண்டு வரி மாற்றினால் போதும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை யார் செய்வது என்று பேசி வைக்காததுதான் குறை.

ஆகவே, வாடிக்கையாளரிடம் போகும்போது "ஸெக்யூரிட்டி", "சர்வர்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் தளத்தை முதல் நாள் ராத்திரி ஒரு தரம் முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணா, உங்க வெப்சைட்டுல ரூம் வாடகை 900-ன்னு இருக்குதுங்க. இப்ப என்ன வாங்கறீங்க?"

"அது பழைய ரேட்டும்மா. இப்ப 1,400."

"அதைப் பாத்துட்டு வர்றவங்க ஒண்ணும் சொல்றதில்லைங்களா?"

"ஏன் கேக்கறே! தெனமும் கௌண்டர்ல சண்டைதான்."

அந்தச் சண்டையைவிட நல்ல விளம்பர நோட்டீஸ் உங்களுக்குக் கிடைக்காது. ஜவுளிக் கடையில் போன தீபாவளித் தள்ளுபடி இன்னும் தொங்கும். பள்ளிக்கூடத்தில் மாறிப்போன ஹெட்மாஸ்டர் இன்னும் புன்னகை செய்வார். தோட்டக்காரர் தளத்தில் மார்கழி மாதத்திலும் மாம்பழ ஆர்டர் எடுப்பார்கள்! எதையாவது ஒன்றைக் கையோடு, இலவசமாக, அவர் கண்ணெதிரே திருத்திக் கொடுங்கள். பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத சங்கதிகள்.

தெரியாத சங்கதிகளில் முதலாவது பெயர். இணையதளத்தின் பெயர் நமக்குக் கிரயம் செய்து கொடுத்ததல்ல. வருஷக் குத்தகை மாதிரி. பணம் கட்டத் தவறினால் போய்விடும். "நாங்கள் மறப்போமா?" என்று யாராவது கேட்டால் மைக்ரோஸாஃப்ட் கதையைச் சொல்லுங்கள். 1999 கிறிஸ்துமஸ் சமயம். ஹாட்மெயிலுக்குள் நுழைவதற்கான 'பாஸ்போர்ட்' தளத்தின் பெயரைப் புதுப்பிக்க அந்தப் பெரிய கம்பெனி மறந்துவிட்டது. கடிதம் பார்க்க முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் காரணத்தைக் கண்டுபிடித்து, தம்முடைய சொந்தக் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி விவகாரத்தைத் தீர்த்து வைத்தார். நல்ல மனிதர்! எல்லாருக்கும் அப்படி ஒருவர் அகப்படுவாரா?

இரண்டாவது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ். காலாவதியானால் "இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல" என்று வருகிறவரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். 2020 செப்டம்பர் முதல் இதன் ஆயுள் அதிக பட்சம் 398 நாளாக இருந்தது. அதை 2026 மார்ச்சிலிருந்து 200, 2027 மார்ச்சிலிருந்து 100, 2029 மார்ச்சிலிருந்து வெறும் 47 நாள் என்று குறைத்துக்கொண்டே போவதாக 2025-ல் தீர்மானித்துவிட்டார்கள். தானாகவே புதுப்பிக்க ஏற்பாடு உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது, தளத்தை ஓட்டுகிற மென்பொருள். உலகத் தளங்களில் பத்துக்கு நாலு 'வோர்ட்பிரஸ்' மேல்தான் நிற்கின்றன. அதில் ஓட்டை தெரிந்தால் ஒட்டுப் போட்டு வெளியிடுகிறார்கள். வெளியிட்ட அன்றே திருடனும் அதைப் படிக்கிறான். ஓட்டை எங்கே என்று அவனுக்கும் தெரிந்துவிடுகிறது! அமெரிக்காவில் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் கம்பெனிக்கு 2017-ல் நேர்ந்தது இதுதான். மார்ச்சில் வெளிவந்த ஒட்டை அவர்கள் போடவில்லை. மே மாதம் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் போயின.

நாலாவது, நகல். 2021 மார்ச் 10-ந் தேதி பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் தகவல் மையம் தீப்பற்றி எரிந்தது. தளத்தையும் நகலையும் அதே இடத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் போய்விட்டன. நிலப் பத்திரத்தையும் அதன் ஜெராக்ஸையும் ஒரே பீரோவில் வைக்கிற கதை.

வயதான முதலாளி இதற்கும் மசியவில்லையென்றால் ஏரிக்கு வாருங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்திலேயே, 'ஏரி வாரியம்' என்று ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்தது. பதவிக் காலம் 360 நாள். பிறகு குடவோலையில் வேறு ஆட்கள். ஏரியை வெட்டியது ஒரு தரம். கவனிப்பது வருஷா வருஷம். குடிமராமத்து என்றால் தெரியாத பெரியவர் நம் ஜில்லாவில் உண்டா?

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. மேலே சொன்ன கதைகளைப் பயமுறுத்தப் பயன்படுத்தாதீர்கள். பயத்தில் பணம் கொடுப்பவர், பயம் தெளிந்ததும் நிறுத்திவிடுவார். "உங்கள் தளத்தில் திருடனே நுழைய மாட்டான்", "கூகிளில் முதலாவதாக வரவழைக்கிறேன்" என்ற வாக்குறுதிகளும் வேண்டாம். உங்களால் முடிகிறதை மட்டும் ஒரே தாளில், தமிழில் எழுதிக் கொடுங்கள். வாரம் ஒரு தரம் நகல். ஒட்டு வந்தால் இத்தனை நாளுக்குள் போடுவது. மாதத்தில் இத்தனை திருத்தம். அதற்கு மேல் போனால் இன்ன கூலி. தளம் படுத்துவிட்டால் எந்த நேரம் வரை போன் எடுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு, குழந்தையைத் தூங்கப் பண்ணும் நேரத்தில், கூப்பிடுவார்கள்.

பெயரும் கடவுச்சொல்லும் முதலாளி பேரிலேயே இருக்கட்டும். ஒரு கவரில் போட்டு அவர் பீரோவிலேயே வைக்கச் சொல்லுங்கள். தளம் அமைத்துக் கொடுத்தவரே பெயரைத் தம் பேரில் பதிந்துகொண்டு, கட்சிக்காரர் விலகப் பார்க்கும்போது கையைப் பிசைய வைப்பது இந்தத் தொழிலில் நடக்கிற அநியாயம். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்து விடுகிறேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரைவிட்டு யாரும் சுலபத்தில் விலகுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கூலி எவ்வளவு? மாதத்தில் ஒரு தளத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று மூன்று மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். ஊர் நிலவரத்தை ஒட்டி விலை வையுங்கள். "வீட்டில் இருந்தபடி செய்வதுதானே" என்று யாராவது குறைத்துக் கேட்டால் இணங்காதீர்கள். வீட்டில் இருந்தபடி செய்தாலும் மணிக்கு அறுபது நிமிஷம்தான்! ஒகேனக்கல்காரர்களுக்குச் சீஸன் வருமானம். மாதச் சந்தாவை விட வருஷத்துக்கு ஒரு தரம், சீஸன் முடிந்து கையில் பணம் இருக்கும்போது வாங்குவது இரு தரப்புக்கும் சௌகரியம்.

மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் நாலு வரி அனுப்புங்கள். "நகல் எடுத்தது நாலு தரம். ஒட்டுப் போட்டது மூன்று. வாடகை விவரம் திருத்தியது ஒன்று. பெயர் புதுப்பிக்க இன்னும் 70 நாள்." தெரியாத வேலை அப்போதுதான் தெரியும். மாமியாருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம், தவறில்லை.

நோட்டீஸ் அடிக்கிற பணத்தை மிச்சம் பிடியுங்கள். பன்னிரண்டு பேரில் அந்த இரண்டு லாட்ஜ்காரர்களிடம் முதலில் போங்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் கூட்டம் நெரியும். அறைக்கு விசாரிப்பு ஆனியிலேயே தொடங்கிவிடும். வைகாசி முடிவதற்குள் பென்னாகரம் பஸ் பிடித்துவிடுங்கள்.