தேடுபொறியும் நாமும்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – இயற்பியல்)

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த கருவிகளில் சில அவன் கையின் வலிமையைப் பெருக்கின. சில காலின் வேகத்தைப் பெருக்கின. நம் காலத்துக் கருவியோ அவன் நினைவைப் பெருக்க வந்தது. ஐயம் ஒன்று எழுந்தால் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து இரண்டு சொற்களைத் தட்டுகிறோம்; கண்ணிமைக்கும் நேரத்தில் விடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. "கூகுள் ஆண்டவரைக் கேள்" என்று நம் வகுப்பறைகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆண்டவர் என்று பெயர் வைத்துவிட்ட பிறகு, அவர் எல்லாம் அறிந்தவர்தாமா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கணினித் துறை மாணவன் அல்லன். நாள்தோறும் தேடிப் பழகிய சாதாரண மாணவன் ஒருவனின் எண்ணங்களே இவை.

பிறந்த கதை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் 1998-இல் தொடங்கிய நிறுவனம் கூகுள். ஒன்றுக்குப் பின் நூறு சுழியங்கள் இட்டால் வரும் எண்ணுக்குக் கணிதத்தில் 'கூகோல்' என்று பெயர். அப்பெயரே சற்றுத் திரிந்து கூகுள் ஆயிற்று. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015-இல் அதன் தலைமைச் செயல் அலுவலரானார் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி.

இது வேலை செய்யும் விதம் நுட்பமானது. நாம் கேட்டவுடன் அது உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. இணையப் பக்கங்களை அதன் நிரல்கள் முன்னரே சுற்றிவந்து படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அட்டவணை போட்டு வைத்துள்ளன. ஒரு பெரிய நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போன்றது அது. அவற்றுள் எதை முதலில் காட்டுவது? ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்ப்பதே அவ்விருவரும் கண்ட வழி. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று அறிஞர்கள் பார்ப்பதுண்டல்லவா? அந்த முறையையே இணையத்துக்குப் பொருத்தினார்கள். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன. எனினும் அடிப்படை இதுவே.

வீட்டில் கேட்க ஆளில்லாதவர்களுக்கு

இக்கருவியைப் பழிக்க நான் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தப் பாடத்துக்கு எந்த வேலை, உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது, முதுகலை நுழைவுத் தேர்வு எப்போது என்றெல்லாம் கேட்க, படித்த அண்ணனோ சித்தப்பாவோ எனக்கு இல்லை. நம் கல்லூரியில் பெரும்பாலோர் நிலை இதுதான். படித்த வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கிடைத்துவிடும் விவரம், நமக்கு இந்தச் சிறு திரையில்தான் கிடைத்தது. அந்த நன்றியை மறப்பதற்கில்லை.

ஆனால் இங்கேயே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தேடுபொறி நம்மிடம் காசு கேட்பதில்லை. அதன் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. உதவித்தொகை என்று நான் தேடியபோது அரசின் பக்கத்துக்கு மேலே, 'கட்டணம் செலுத்தினால் விண்ணப்பித்துத் தருகிறோம்' என்ற தனியார் பக்கம் ஒன்று வந்து நின்றது. விளம்பரம் என்ற சொல் அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. விவரம் தெரிந்தவன் அதைக் கடந்து போவான். கேட்க ஆளில்லாதவன்தான் அதில் கால் வைப்பான்.

கூட்டமும் உண்மையும்

பலர் சுட்டுவது முன்னே வரும் என்றால், பலர் சொல்வது உண்மையாகிவிடுமா? நம் வட்டாரத்திலிருந்தே ஒரு சான்று தருகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரும் வழியெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதை நாம் அறிவோம். அம்மரத்தைப் பற்றித் தேடினால், இதை இந்தியாவுக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் காமராசர் என்று எழுதியிருக்கும் பக்கங்கள் எதிர்ப்படும். ஒருவர் எழுதியதை மற்றவர் எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருப்பார்.

உண்மை என்ன? ஆங்கிலேயர் ஆட்சியில், 1870-களிலேயே வெளிநாட்டிலிருந்து விதை தருவித்துக் கடப்பைப் பகுதியில் இம்மரத்தை நட்டார்கள். விருதுநகரில் காமராசர் பிறந்ததோ 1903-இல். பின்னாளில் விறகுக்காக இது நம் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது என்பது வேறு செய்தி. முப்பது பக்கங்கள் ஒரே வரியைச் சொன்னால் முப்பது சாட்சிகள் என்று பொருளல்ல. ஒரே சாட்சி முப்பது முறை பேசுகிறார் என்றும் இருக்கலாம். இதைப் பிரித்தறியும் வேலையைப் பொறி செய்யாது, நாம்தான் செய்யவேண்டும். 2024 முதல் நம் நாட்டில் தேடல் விடைகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கமும் வருகிறது. அதையும் அப்படியே நம்பாமல், அது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

அம்மாவின் சொல்லும் ஏட்டின் சொல்லும்

2017 ஆகஸ்டு முதல் தமிழில் பேசியே கூகுளில் தேட முடிகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரிய வரம் என்று மகிழ்ந்தேன். என் அம்மாவிடம் கைபேசியைக் கொடுத்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னேன். "பருத்தியில சப்பை கொட்டுது, என்ன செய்ய?" என்று கேட்டார். கரிசல் காட்டில் பருத்தியின் இளமொட்டுக்குச் சப்பை என்று பெயர். வந்த விடைகளுக்கும் பருத்திக்கும் தொடர்பே இல்லை. பிறகு நான் 'பருத்தியில் மொட்டு உதிர்தல்' என்று தட்டினேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பக்கம் வந்தது. வேண்டிய விவரமும் அதில் இருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, "என் பேச்சு அதுக்கு வெளங்கல. ஒன் பேச்சுலயே கேளு, யய்யா" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. கேள்வியும் தமிழ், விடையும் தமிழ். ஆனால் இடையே பாலம் இல்லை. பயிர் செய்பவர் ஒரு தமிழ் பேசுகிறார்; பயிர் நூல் ஒரு தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருவன்தான்: கல்லூரிக்குப் போகும் பிள்ளை. நம் பட்டத்தின் பயன் வேலைவாய்ப்பு மட்டும் அன்று. இந்தப் பாலமாக நிற்பதும் அதன் பயன் என்று நான் கருதுகிறேன்.

ஊற்றில்லாக் கிணறு

திருச்சுழி என்று தேடினால் இரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்று பக்கம் பக்கமாக வரும். பரளச்சி என்று தேடினால் அஞ்சல் எண், வரைபடம், மக்கள் தொகைக் கணக்கு ஆகியவை வரும். எங்கள் கண்மாயின் மடைகளுக்கு என்ன பெயர், கலுங்கு தாண்டிய மறுகால் தண்ணீர் எந்த வழி போகும், குதிரைவாலிக்கு எந்த ஈரம் போதும் என்பன வாரா. ஒரு பிடி கரிசல் மண்ணை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு மழை வேணும்" என்று சொல்லும் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் அறிவு எந்த அட்டவணையிலும் இல்லை.

இது பொறியின் குற்றம் அன்று. கமலை எவ்வளவு நன்றாயிருந்தாலும் கிணற்றில் ஊற்று இருந்தால்தானே தண்ணீர் ஏறும்? எழுதப்படாததை எந்தப் பொறியும் தேடித் தராது. உலக இணையப் பக்கங்களில் தமிழின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவு. அந்தச் சிறு பங்கிலும் வானம் பார்த்த பூமியின் பங்கு எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கூகுளில் இல்லாதது உலகிலேயே இல்லை என்று நம் தம்பி தங்கைகள் எண்ணத் தொடங்கினால், நம் ஊரும் உழைப்பும் இல்லாதவை ஆகிவிடும். பெரியவர்கள் ஒவ்வொருவராய் மறையும்போது ஊற்றும் ஒவ்வொன்றாய்த் தூர்ந்து போகிறது.

நாம் செய்யத்தக்கது

தேடுதல் தமிழனுக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். கூகுள் பிறந்த அதே 1998-இல்தான் 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். கல்லூரிப் படிப்பில்லாத கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். அவர்கள் தேடியதோடு நிற்கவில்லை. பிறர் தேடினால் கிடைக்குமாறு வைத்துவிட்டும் போனார்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஏழு நாள் கிராமத்தில் தங்குகிறோம். கருவேலம் வெட்டுவதோடு அவ்வூர்க் கண்மாய், மடை, பயிர், சொல் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தால் என்ன? அவற்றுள் சிறந்தவற்றை இம்மலரில் வெளியிடலாம். இம்மலரையும் படமாக அல்லாமல், சொல்லைத் தேடினால் அகப்படும்படி ஒருங்குறி எழுத்தில் இணையத்தில் ஏற்றலாம். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவும் நம்மைப் போன்றோர் எழுத்துக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் மாணவர்கள் பின்வாங்க மாட்டார்கள்.

நண்பர்களே! இந்நாள் வரை நாம் கேட்டோம், உலகம் தந்தது. இனி நாமும் கொஞ்சம் தருவோம். என்றேனும் ஒரு நாள், எங்கள் ஊர்த் தாய் ஒருத்தி கைபேசியிடம் "சப்பை கொட்டுது, என்ன செய்ய?" என்று தன் பேச்சிலேயே கேட்பாள். அன்று அவளுக்குச் சரியான விடை கிடைக்குமானால், அதை எழுதி வைத்தவர் நம் கல்லூரி மாணவராக இருக்கட்டும்.