வாடகை வீடும் வாழ்நாள் சேமிப்பும்

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிலையான வைப்புகளுக்கு நூற்றுக்கு இருபது வீதத்துக்கும் மேல் வட்டி வழங்கிய இந்நாட்டின் வங்கிகள், 2025ஆம் ஆண்டளவில் ஒற்றை இலக்க வட்டிக்குத் திரும்பிவிட்டன. மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை 2025 மே மாதத்தில் 7.75 ஆகக் குறைத்தது. அதற்கு முந்திய மாதத்திலிருந்தே வட்டி வருமானத்தில் முற்கூட்டிப் பிடிக்கப்படும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தப்பட்டிருந்தது. ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியையும் பிள்ளைகள் மத்திய கிழக்கிலும் மேற்கு நாடுகளிலும் உழைத்து அனுப்பிய பணத்தையும் வைப்பிலிட்டு, அதன் வட்டியில் குடும்பம் நடத்தியோர் இதனால் தடுமாறி நிற்கின்றனர். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டபோது தமது சேமிப்பின் பெறுமதி கரைந்துபோனதைக் கண்கூடாகக் கண்டவர்கள் இவர்கள். வட்டியை மார்க்கம் விலக்கியுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கோ வைப்பு என்பது முன்னரும் ஒரு வழியாக இருந்ததில்லை. ஆகவே, "ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன?" என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுவதில் வியப்பேதுமில்லை.

கேள்வி நியாயமானது. ஆனால், அதற்கான பதிலைத் தரகர்களிடமிருந்தே நம்மவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் எமது கவலையாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு, இரண்டு கோடி ரூபா கொடுத்து வாங்கிய வீடொன்று மாதம் 60,000 ரூபா வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. அதாவது போட்ட முதலுக்கு 3.6 வீதம். ஒருவர் வெளியேறி மற்றொருவர் வரும்வரை ஒரு மாதமேனும் வீடு பூட்டிக் கிடக்கும். வர்ணம் பூச வேண்டும். ஒழுகும் கூரையைத் திருத்த வேண்டும். தரகருக்கும் சோலை வரிக்கும் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் போக ஆறு இலட்சம் கையில் தேறினால் அது அதிர்ஷ்டமே. அதே இரண்டு கோடியை எட்டு வீதத்துக்கு வைப்பிலிட்டால் வரி போக 14 இலட்சத்துக்கு மேல் கிடைக்கும். வாடகை வீட்டின் உண்மையான இலாபம் மாதாந்த வாடகையில் அன்றிக் காணியின் விலையேற்றத்திலேயே தங்கியிருக்கிறது. அந்த விலையேற்றம் வீட்டை விற்கும் நாளில்தான் கைக்கு வரும். மாதச் செலவுக்குப் பணம் தேடுகின்ற ஒரு முதியவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதனாலேயே, புதிதாகத் தொடங்குபவர் காணி வாங்கித் தொடங்குவதை விட, இருக்கின்ற காணியில் தொடங்குவதே விவேகமானது என நாம் கருதுகிறோம். விலையில் பெரும்பகுதியைக் காணியே விழுங்கிவிடும் கொழும்பிலும் யாழ்ப்பாண நகரை அண்டிய பகுதிகளிலும் இது இன்னும் பொருந்தும். வசிக்கும் வீட்டின் மேல் ஒரு மாடியையோ பின்வளவில் ஓர் அனெக்ஸையோ அறுபது இலட்சம் செலவில் எழுப்பி மாதம் 40,000 ரூபாவுக்கு விட முடிந்தால், அது வருடத்துக்கு எட்டு வீதமாகும். வாடகைக்கு இருப்பவர் கண்ணெதிரே இருப்பார். திருத்த வேலையையும் உடனுக்குடன் கவனிக்கலாம். ஆயினும், பழைய அத்திவாரம் மேல் மாடியைத் தாங்குமா என்று தகுதியுள்ளவரிடம் கேட்காமலும், உள்ளூராட்சி சபையின் அனுமதி பெறாமலும், தனி மின்மானி பொருத்தாமலும் இதில் இறங்குவது வினையாக முடியும். மின்கட்டணத்தைப் பங்கிடுவதில் தொடங்கிய சில்லறைத் தகராறுகள் பொலிஸ் நிலையம் வரை போவதை நாம் அறிவோம்.

கடன் பெற்று வாங்குவோரின் நிலை வேறு. ஒரு கோடி ரூபாவை 12 வீத வட்டியில் 15 வருடங்களுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. மேற்சொன்ன வீட்டின் வாடகை அதில் சரிபாதியைத்தான் ஈடுசெய்யும். "வாடகையே கடனைக் கட்டிவிடும்" என்ற தரகரின் வாசகம் இக்கணக்கின் முன் நிற்காது. வட்டி வீதம் மாறக்கூடிய கடன்களைப் பெற்றிருந்தவர்கள் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின் இஸ்லாமிய முறையிலான நிதியளிப்புக்கு வழி பிறந்தது. 2011இல் முழுமையாக அம்முறையில் இயங்கும் வங்கியொன்றும் செயற்படத் தொடங்கியது. வங்கியும் வாடிக்கையாளரும் பங்காளராக வீட்டை வாங்கி, வங்கியின் பங்கு படிப்படியாகக் குறைந்து செல்லும் ஏற்பாட்டில் வட்டி என்ற பெயர் இல்லை. எனினும், மாதந்தோறும் செலுத்த வேண்டிய தொகையை வாடகை ஈடுசெய்யுமா என்ற கேள்வி அங்கும் அப்படியே இருக்கிறது.

எந்த ஊரில், யாருக்கு விடுவது என்பதும் சிந்திக்கத்தக்கது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் திருகோணமலையிலும் தொண்டு நிறுவனங்கள் கொடுத்த வாடகையைக் கண்டு வீடு கட்டியவர்கள், அந்நிறுவனங்கள் வெளியேறிய பின் பாதி வாடகைக்கும் ஆள் தேட நேர்ந்தது. திருநெல்வேலியிலும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக மாணவர்களை நம்பி அறைகள் கட்டியோருக்கு 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் பெருந்தொற்று மூடல் அதே பாடத்தைப் புகட்டியது. விலை மலிவு என்று வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளின் தாழ்நிலங்களில் வாங்குவோர் 2016 மே மாத வெள்ளத்தை நினைவிற் கொள்வது நல்லது. மலையகத்திலோ மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பார்க்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது.

அடுத்து உறுதி. வன்னியிலும் கிழக்கிலும் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளாகும். உரிய அதிகாரிகளின் இணக்கமின்றி அவற்றைக் கைமாற்றுவது சட்டத்தின் முன் செல்லாது. வடக்கில் தேசவழமைக்குட்பட்ட காணியின் ஒரு பங்கை வாங்குபவர், ஏனைய பங்காளிகளுக்கு முன்னுரிமைக் கொள்வனவு உரிமை உண்டு என்பதை மறந்துவிட்டால், பணத்தைக் கொடுத்து வழக்கை வாங்கியவராவார். வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய இடங்களில் தொடர்மாடி வீடு வாங்குவோர், அந்தக் கட்டடம் கூட்டாதனமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். பதிவில்லையேல் அந்த வீட்டுக்கெனத் தனி உறுதி கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் அனுப்ப, ஊரிலுள்ள சகோதரனின் பெயரில் உறுதி எழுதுவது எமது சமூகத்தில் சர்வசாதாரணம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுத்த பின் இவ்வழக்கம் பெருகியது. உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்றுதான் உலகம் கொள்ளும். வாடகை யாருக்குச் சேரவேண்டும் என்ற பேச்சு எழும்போதுதான் சகோதர பாசம் சோதனைக்குள்ளாகிறது. இரட்டைக் குடியுரிமை பெற முடிந்தவர்கள் அவ்வழியை நாடுவதே மேல்.

இவை அனைத்தையும் விட எமது மக்கள் அலட்சியம் செய்வது வாடகை ஒப்பந்தத்தைத்தான். "தெரிந்த பிள்ளைகள்தானே" என்று முத்திரையொட்டிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திறப்பைக் கொடுத்துவிடுகிறோம். 1840ஆம் ஆண்டின் மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றி வலுவற்றது. அத்தகைய தாள் எத்தனை வருடம் என்று கூறினாலும், சட்டத்தின் பார்வையில் அது பெரும்பாலும் மாதாந்த வாடகையாகவே கொள்ளப்படும். வீட்டை மீட்க வழக்குத் தொடுத்து வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறியோர் ஏராளம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்ச வரம்புச் சட்டமும் வாடகைக்காரரைக் காக்கும் நோக்குடன் வந்தவை. அவற்றால் பல ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வராமல் தப்பின என்பதை மறுப்பதற்கில்லை. அதேவேளை, கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் சில நூறு ரூபா வாடகையுடன் பாழடைந்து நின்ற பழைய கட்டடங்களும் அவற்றின் விளைவே. 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் கட்டப்பட்ட வீடுகள் பொதுவாக அந்தப் பிடிக்குள் வருவதில்லை. ஆள் குடியிருக்கும் பழைய வீட்டை வாங்குபவர், அவர் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறார் என்று சட்டத்தரணியிடம் கேட்டறிவது அவசியம்.

2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட குத்தகை முடிவடைந்தும் வெளியேறாதவரிடமிருந்து வளவை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் சுருக்க முறையில் மீட்க இச்சட்டம் வழிவகுத்துள்ளது. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவெனக் கட்டிய வீட்டை அவள் மணமுடிக்கும் வரை வாடகைக்கு விடும் கிழக்கிலங்கைத் தமிழ், முஸ்லிம் பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு வேறில்லை. ஆனால், ஒழுங்கான பத்திரம் இல்லாதவருக்கு இக்கதவு திறக்காது. வாடகைக்கு வருபவருக்கும் பத்திரமே பாதுகாப்பு. கொடுத்த முற்பணத்துக்கும் குறித்த தவணை வரை குடியிருக்கும் உரிமைக்கும் அதைவிடச் சாட்சி அவரிடம் வேறென்ன இருக்கிறது?

வாடகைக்காரரைத் தெரிவு செய்வது பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் மறுநாளே தடையுத்தரவு பிறப்பித்தது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின் வாடகை வீடு தேடிய முஸ்லிம் குடும்பங்கள் முகத்துக்கு நேரே மறுக்கப்பட்டன. இவ்வளவையும் அனுபவித்த இரு சமூகத்தாரும் தமது வீட்டை விளம்பரம் செய்யும்போது "இன்ன மதத்தவருக்கு மட்டும்" என்று எழுதுவது எமக்கு வேதனையளிக்கிறது. ஆளின் தொழிலையும் முன்னைய வீட்டுக்காரரின் வார்த்தையையும் விசாரித்தறிவது முதலீட்டாளரின் உரிமை. பெயரைக் கேட்டவுடன் தொலைபேசியை வைப்பதை அந்த உரிமையில் சேர்க்க முடியாது. அவ்வாறு வைப்பவர் நல்ல வாடகைக்காரரில் பாதிப்பேரைத் தாமே இழக்கிறார்.

வரி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், 2025 ஏப்ரல் முதல் ஒருவரின் வருடாந்த வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. வாடகை வருமானத்தில் திருத்தம், தேய்மானம் ஆகியவற்றுக்கென 25 வீதக் கழிவும் உண்டு. வேறு பெரிய வருமானமில்லாத ஒரு வீட்டுச் சொந்தக்காரர் அஞ்சுவதற்கு இதில் அதிகமில்லை. அப்படியிருந்தும் வரிக்கும் முத்திரைத் தீர்வைக்கும் பயந்து, மாதம் 60,000 ரூபா வாங்கும் வீட்டுக்குப் பத்திரத்தில் 25,000 ரூபா என்று எழுதுவோர் பலர் உள்ளனர். வாடகைக்காரர் பத்து மாதம் செலுத்தாமல் விட்டு, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும் நாளில், அந்தப் பத்திரம் இரண்டரை இலட்சத்துக்குத்தான் சாட்சி சொல்லும்.