காடு யாருக்கு உரியது?

காடுகளைக் காப்பதற்கு இரு வழிகள் உண்டு. மக்களை வெளியே துரத்தி, எல்லைக்கல் நாட்டி, உள்ளே கால் வைத்தவனைக் குற்றவாளியாக்குவது ஒரு வழி. காட்டில் நடக்கும் உரிமையைச் சட்டத்தால் மக்களுக்கே வழங்கி, அவ்வுரிமையோடு கடமையையும் சேர்த்து ஒப்படைப்பது மற்றொரு வழி. முதல் வழியே ஆட்சிக்கு அழகு என்று நம் நாட்டு அதிகார பீடத்தில் இருப்போர் நெடுங்காலமாக ஓதி வருகின்றனர். அதன் பலனை வன்னிக் கமக்காரன் அனுபவித்து வருகின்றான். இரண்டாவது வழி நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்போர், ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவைச் சற்றே நோக்குவார்களாக.

ஒஸ்லோவின் வடபால் நோர்ட்மார்க்கா என்னும் பெருங்காடு பரந்து கிடக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 430 சதுர கிலோமீற்றர். நகரைச் சூழ்ந்துள்ள காடுகள் அனைத்தையும் சேர்த்து மார்க்கா என்பர். அது ஏறத்தாழ 1,700 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பினும் இது பெரிதென்றால், ஒரு தலைநகரின் வாயிலில் எத்துணைப் பெருங்காடு நிற்கின்றது என்பது விளங்கும்.

இக்காட்டுக்குச் செல்ல வாகனம் வேண்டுவதில்லை, வழிகாட்டி வேண்டுவதில்லை. நகர மத்தியில் சாதாரணப் பயணச்சீட்டுடன் ரயிலேறுபவர், அரை மணி நேரமளவில், கடல்மட்டத்துக்கு மேல் 469 மீற்றர் உயரத்திலுள்ள ஃப்ரொங்னர்சேத்தரன் நிலையத்தில் இறங்கிவிடலாம். இறங்கிய இடத்திலேயே காடு தொடங்குகின்றது. மரங்களிலே நீல வர்ணம் தீட்டியிருந்தால் அது நடைபாதை; சிவப்பு வர்ணமாயின் அது பனிக்காலத்தில் சறுக்கிச் செல்லும் பாதை. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் வழி தவறாது. மற்றொரு ரயில் சொங்ஸ்வான் ஏரிக் கரையில் கொண்டுபோய் விடும். அவ்வேரியைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 3.3 கிலோமீற்றர். தள்ளுவண்டியிற் குழந்தையை வைத்துச் செல்லும் தாயும், கைத்தடியூன்றும் முதியவரும் அதிலே ஒருங்கு நடப்பர். கால்வலு உள்ளோர் மேலும் வடக்கே நடந்து, உல்லவோல்சேத்தர் என்னும் காட்டு விடுதியில் இளைப்பாறித் திரும்புவர். வாயிற்கதவு இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, 'எங்கே போகிறாய்?' என்று வழிமறிக்கும் உத்தியோகத்தரும் இல்லை.

இவ்வளவும் அரசாங்கத்துக்குச் சொந்தமான காடு போலும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். நோர்ட்மார்க்காவின் பெரும்பகுதி லோவன்ஷோல்ட் என்னும் பழம்பெருங் குடும்பத்தின் தனியுடைமை. மரத்தை வெட்டி விற்கும் உரிமை உடைமையாளருக்கு உண்டு. நடந்து செல்லும் மனிதனைத் தடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. தொன்றுதொட்டு வழக்கில் இருந்த இப்பொது உரிமையை 1957 ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் உறுதிசெய்தது. அச்சட்டத்தின்படி எவரும் காட்டில் நடக்கலாம்; கூடாரமிட்டு இரண்டு இரவுகள் தங்கலாம்; காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம். உடைமை ஒருவருடையது, வழி எல்லோருடையது. இதுவே அச்சட்டத்தின் சாரம்.

கமக்காரர் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகின்றது. 'ஊரார் எல்லாரும் உலாவலாமென்றால் விதைத்த வயலின் கதி யாது?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையையும் அச்சட்டமே கூறுகின்றது. வெளிநிலம் வேறு, உழுநிலம் வேறு என்று அது பிரித்து வைத்திருக்கின்றது. உழுநிலத்தின் மீது பிறர் நடக்கலாம். ஆனால் மண் உறைந்தோ பனி மூடியோ கிடக்கும்போது மட்டுமே. ஏப்ரல் 30 முதல் ஒக்டோபர் 14 வரையான காலத்தில் அதுவும் ஆகாது. பயிர் நிற்கும் காலத்தில் வயலுக்குக் காவல். பயிரில்லாக் காலத்தில் நடப்பவனுக்கு வழி. உழுபவனையும் உலாவுபவனையும் மோதவிடாமல், இருவர்க்கும் உரியதை இருவர்க்கும் அளந்து கொடுத்த சட்டம் இது.

இவ்வுரிமை எவரும் தானமாக வார்த்துக் கொடுத்ததன்று. 1946 இல் நோர்ட்மார்க்காவை ஊடறுத்து மின்கம்பித் தொடர் அமைக்க முற்பட்டபோது, சுமார் 30,000 மக்கள் ஒஸ்லோ நகர மண்டபச் சதுக்கத்தில் திரண்டு எதிர்த்தனர். யுத்தம் முடிந்து ஓராண்டே கழிந்திருந்தது, மின்சாரம் அவசியமாயிருந்தது. ஆயினும் தங்கள் காட்டுக்காக மக்கள் தெருவில் இறங்கினர். பின்னர் நகரம் பெருகிற்று. வீட்டு நிலத்தின் விலை ஏறிற்று. காட்டின் விளிம்பு கட்டடம் கட்டுவோரின் கண்ணை உறுத்திற்று. 2009 இல் நாடாளுமன்றம் மார்க்காவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, எல்லை வகுத்து, அதனுள் கட்டடம் எழுப்புவதைப் பொதுவிதியாகத் தடைசெய்தது. அச்சட்டத்தின் நோக்கங்களில் முதலாவது யாது? மக்கள் திறந்த வெளியில் உலாவுவதையும் இயற்கையை நுகர்வதையும் ஊக்குவித்தல். காட்டைக் காப்பது மக்கள் நடப்பதற்காக என்று ஒரு நாடு சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றது!

'அது பணக்கார நாடு; எண்ணெய் வளம் கொழிக்கும் நாடு; அவர்களுக்கு இது கட்டும்' என்பர் சிலர். வரலாறறியாதார் கூற்று இது. நோர்வேயின் கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969 இல். உரிமைச் சட்டமோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது. வழக்கு அதனினும் பல தலைமுறை முந்தியது. மனிதன் நடப்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. வழியை அடைப்பதற்குத்தான் வேலியும் காவலும் சம்பளமும் வேண்டும்.

'மக்களை உள்ளே விட்டால் காடு அழிந்துபோம்' என்பது மற்றொரு வாதம். ஒஸ்லோவில் தடைகள் இல்லாமலில்லை. ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டில் தீ மூட்டுதல் விலக்கு. குடியிருக்கும் வீட்டுக்கு 150 மீற்றருக்குள் கூடாரம் அடித்தல் ஆகாது. நகரின் குடிநீரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அளிக்கும் மாரிடால்ஸ்வான் ஏரியில் எவரும் இறங்கிக் குளித்தல் கூடாது. ஆனால் அதன் அருகே நடப்பதைத் தடுப்பார் இல்லை. தடைக்குக் காரணம் உண்டு. காரணம் எல்லார்க்கும் தெரியும். ஆகவே காவலன் இல்லாத இடத்திலும் தடை மதிக்கப்படுகின்றது.

நோர்வேயைத் தேவலோகம் என்று நாம் கொண்டாட வரவில்லை. ஃபோசன் குடாநாட்டில் காற்றாலைகளுக்கு வழங்கிய அனுமதி, கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் உரிமையை மீறியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமே 2021 இல் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் நிலமென்று வரும்போது நல்லரசும் தடுமாறும். எனினும் ஒஸ்லோவின் காட்டுப் பாதை கற்பிக்கும் பாடம் அதனாற் பொய்யாகாது.

அப்பாடம் நமக்குத் தூரத்துக் கதையுமன்று. யாழ்ப்பாணத்து அந்தோனி இராசேந்திரம் 1956 இல் நோர்வே சென்றார். பின்னர் யுத்தம் துரத்த நம்மவர் பல்லாயிரவர் சென்றனர். இன்று ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் அவர்களிற் பலர் வாழ்கின்றனர். அவர்தம் வீட்டு வாசலிலிருந்து நடந்தே லில்லோமார்க்காக் காட்டுக்குள் செல்லலாம். அங்கே பிறந்தவனுக்குள்ள அதே உரிமை, அகதியாகப் போனவனுக்கும் உண்டு. அந்நியனுடைய தனிக்காட்டில் அனுமதியின்றி நடக்கும் அத்தமிழன், விடுமுறையில் வன்னிக்கு வந்து தன் தந்தை உழுத காணியைத் தேடினால் என்ன காண்கின்றான்? இடப்பெயர்வுக் காலத்தில் பற்றை மூடிய வயல்களிலே வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கக் காண்கின்றான். பிறர் காட்டில் உரிமையோடு நடந்தவன், தன் வயலில் அத்துமீறியவன் ஆகின்றான். இதனினும் பெரிய கேலிக்கூத்து வேறென்ன?

இக்கேலிக்கூத்தின் வேர் ஆழமானது. பிரித்தானியர் 1840 இல் இயற்றிய முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாக் காணியும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியவை என்றது. 1907 ஆம் ஆண்டின் வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காட்டினுள் புகுதலையே குற்றமாக்கிற்று. வெள்ளையன் போனான், அவன் வைத்த வேலி போகவில்லை. எஞ்சிய காடுகள் 2001 இல் ஒரு சுற்றுநிருபத்தால் வன இலாகாவின் கைக்குச் சென்றன; 2020 இல் மற்றொரு சுற்றுநிருபம் அதை மாற்றிற்று. சுற்றுநிருபத்தால் வரும் உரிமை சுற்றுநிருபத்தால் போகும். பேனா பிடித்த உத்தியோகத்தரின் தயவில் வாழ்வது உரிமையாகுமா?

பூட்டிய காடாவது பிழைத்ததா? இரவோடிரவாக மரம் வெட்டுவோரும் ஆற்று மணல் அள்ளுவோரும் உள்ளே தடையின்றித் திரிகின்றனர். அவர்களில் நம்மவரும் உளர் என்பதை மறைத்துப் பயனில்லை. சட்டத்துக்கு அஞ்சும் கிராமத்தான் உள்ளே போவதில்லை. அஞ்சாத கள்வன் போகின்றான். சாட்சியில்லாத காடு கள்வனுக்கே வசதி. ஒஸ்லோக் காட்டில் ஒரு மரம் தகாத முறையில் வீழ்ந்தால், மறுநாட் காலை நடக்க வரும் நூறுபேர் அதைக் காண்பர், கேட்பர், எழுதுவர். மக்களின் காலே அங்கே காட்டுக்குக் காவல்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். உறுதி, பெர்மிட், குளத்துப் பாய்ச்சல் நிலப் பதிவு ஆகியவற்றைக் கொண்டு, உழுநிலம் எது, காடு எது என்று கமக்காரரை நேரில் வைத்து எல்லை வகுக்க வேண்டும். மெய்யான காட்டில், குளத்துக்கும் கோயிலுக்கும் மேய்ச்சலுக்கும் போகும் பழம் பாதைகளை எல்லோருக்கும் உரிய வழிகளாகச் சட்டத்தில் பதிய வேண்டும். எதைத் தடுத்தாலும் காரணத்தைத் தமிழில் எழுதி வாயிலில் வைக்க வேண்டும். இவற்றைச் சட்டமாக்க வேண்டிய இடம் பாராளுமன்றம். சுற்றுநிருபம் எழுதும் மேசையன்று.

சட்டம் படித்தோர் இதை வரைவாக எழுதுக. நில அளவையாளர் தம் அறிவை ஊருக்கு வழங்குக. கமக்காரர் தம் பழம் உறுதிகளையும் பதிவுகளையும் தேடி எடுத்து வைத்திருக்க. நம் வாக்கைக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளனிடமும் கேட்போம்: காடு யாருக்கு உரியது? அதற்கு நேர்விடை கூறாதவனுக்கு நம் வாக்கும் உரியதன்று.