இரக்கத்தை இழந்த ஒரு சொல்

எமது வகுப்பறைகளில் இப்போது அதிகம் ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களில் 'பதெற்றிக்' ஒன்று. கன்ரீன் ரோல்ஸ் ஆறியிருந்தாலும் பதெற்றிக், தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தாலும் பதெற்றிக். 'கேவலம்' என்று தமிழில் சொல்லக் கூசுகின்ற வாய் ஆங்கிலத்தில் கூசுவதில்லை.

இச்சொல்லின் பூர்வீகமோ வேறு. கிரேக்க மொழியில் 'பாதொஸ்' என்றால் துன்பம், உணர்வு. அதன் வழிவந்த பதெற்றிக் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது 'உள்ளத்தை உருக்குகின்ற' என்றே பொருள்பட்டது. 1799இல் வெளியான பீத்தோவனின் பியானோ இசைக்கோவை ஒன்றுக்கு, இச்சொல்லின் பிரெஞ்சு வடிவமான 'பதெதீக்' என்பதே பெயர். அது பழிப்பு அல்லவே! உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் கற்கும் தோழியர் 'பதெற்றிக் ஃபலசி' என்பதைச் சந்தித்திருப்பீர்கள். வானம் அழுகிறது, கடல் கோபிக்கிறது என இயற்கைக்கு மனித உணர்வை ஏற்றிச் சொல்வதற்கு ஜோன் ரஸ்கின் 1856இல் சூட்டிய பெயர் அது. அங்கே 'படுமோசமான' என்று பொருள் எழுதினால் புள்ளி கிடைக்காது.

உருக்குவது இரங்கத்தக்கதாகி, இரங்கத்தக்கது எள்ளத்தக்கதாகிவிட்டது. 'இரக்கம் நிறைந்த' என்று தொடங்கிய 'பிற்றிஃபுல்' என்ற சொல்லும் இதே படியால்தான் இறங்கியது. ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வானேன்? பிற தேசத்தவரைக் குறித்த 'பரதேசி' நம் வாயில் வசையாகவில்லையா?

சொற்களின் பொருள் மாறுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. நொண்டிச் சாட்டையோ குண்டும் குழியுமான வீதியையோ தாராளமாகப் பதெற்றிக் என்னலாம். ஆளைச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கில தினப் போட்டியொன்றில், மனனம் செய்த பேச்சு பாதியில் மறந்துபோக, ஒலிவாங்கியின் முன் ஆறாந்தரப் பிள்ளையொருத்தி நின்றாள். பின்வரிசையிலிருந்து இந்தச் சொல் வந்தது, சிரிப்போடு. அதன் பழைய பொருளில் யாராவது அவளைப் பார்த்திருந்தால் ஒருத்தியாவது எழுந்து போய்த் தாளை நீட்டியிருப்பாள்.

பேச்சைக் குறை சொல்லத்தான் வேண்டுமென்றால், ஆயத்தம் போதவில்லை என்று சொல்லலாம். அதற்கும் ஆங்கிலத்தில் சொல் உண்டு: 'அன்பிரிபெயார்ட்'. அதைக் கேட்ட பிள்ளை அடுத்த வருடமும் மேடையேறுவாள்.