எண்ணூர்க் கரைக்கு ஒரு காவல்மேடை

திருக்கோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் குன்றின் விளிம்பில் மாசி, பங்குனி மாதங்களில் நிற்பவர், பாக்கியமிருந்தால், படகேறாமலே நீலத் திமிங்கிலத்தைக் காணலாம். முதலில் தென்படுவது உடலன்று. நீர்ப்பரப்பின்மேல் நிமிர்ந்தெழும் மூச்சு. கரைக்கு வெகு அருகிலேயே கடல் பெரும்பள்ளமாக இறங்குவதால், உலகின் மிகப் பெரிய பிராணி அங்கே நிலத்தில் நிற்கும் மனிதனின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்து போகிறது.

நமது தமிழ்நாட்டுக் கரையிலோ திமிங்கிலங்களை நாம் கூட்டமாகக் கண்டது அவை சாகும் வேளையில்தான். 1973 ஜனவரியில் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில், மணப்பாட்டை அடுத்து, 80க்கு மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளித் தள்ளி ஓய்ந்தனர். பல மீண்டும் கரைக்கே வந்து மடிந்தன.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்த இடத்தில் நின்றாலும் திமிங்கிலம் தோன்றும் என்று நாம் ஒருவருக்கும் வாக்களிக்கவில்லை. இங்கே கடல் நெடுந்தூரம் ஆழமற்றது. எனினும் இக்கரைக்கும் யாத்திரிகர் உண்டு. தை பிறந்ததும் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. தாம் பிறந்த கரைப்பக்கத்தையே தேடித் திரும்பும் இயல்புடையவை அவை. திரும்பி வந்து அவை காண்பதென்ன? அன்னிய ஆட்சியினர் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய துறைமுகச் சுவர், வடக்கே செல்லும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் அரிப்புண்டன. மணல் இருந்த இடங்களில் இன்று கருங்கற் குவியல்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டைக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் பிணங்களாக ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மூச்சுக்கு மேலெழ முடியாமல் மாண்டவை அவை. கரையோரம் ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு வலைவீசலாகாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது. பிணங்களை எண்ணியவர்கள் இருந்தபடியால்தான் பத்திரிகைகள் எழுதின. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. எண்ணுவார் இல்லையெனில் அலை அவற்றை மூடியிருக்கும், சட்டமும் உறங்கியிருக்கும்.

“வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத ஊரில் ஆமையை எண்ணுவது ஒரு காரியமா?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. விடையை எண்ணூர் மீனவரே கூறுவர். 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெயை ஜனங்கள் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கழிமுகத்தில் புகுந்தது. வலையும் படகும் கருத்தன, பிழைப்பும் கருத்தது. ஆமையைக் காணும் கண்ணே எண்ணெயையும் காணும். இரண்டும் மிதப்பது ஒரே நீரில். இரண்டாலும் முதலில் பாதிக்கப்படுபவனும் ஒரே மீனவன்.

கண்டு குறித்து வைப்பது வீண் வேலையன்று. இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பால் கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் மாண்டுவந்தன. ஆராய்ச்சியாளர் பல்லாண்டு அவை கூடும் இடங்களைக் கண்டு குறித்தனர். அக்குறிப்புகளின் பலத்தால், 2022-இல் உலகின் மிகப் பெரிய சரக்குப்பெட்டிக் கப்பற் கம்பெனியே தன் பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிக்கொண்டது. கோஷத்துக்கு இணங்காத கம்பெனி கணக்குக்கு இணங்கியது.

ஆகவே சர்க்காருக்கு நமது கோரிக்கை சுருக்கமானது. எண்ணூரில் ஒரு காவல்மேடை அமைக்க வேண்டும். கடலின் நிறம் மாறினாலே காரணம் சொல்லக்கூடிய குப்பத்து மீனவர்களையே சம்பளத்தோடு அதில் அமர்த்த வேண்டும். கண்ட பிராணி, ஒதுங்கிய பிணம், மிதந்த எண்ணெய், எல்லை மீறிய படகு ஆகிய நான்கையும் நாள்தோறும் தமிழில் குறித்து, மாதந்தோறும் ஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டும். பிரசுரிக்காத குறிப்பேடு பூட்டிய பெட்டிக்குச் சமானம்.

1906-இல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியபோது, கடல் நமது என்று தேசத்துக்கு உணர்த்தினார். சுயராஜ்யம் வந்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. வரும் கப்பலையும் இறங்கும் சரக்கையும் எண்ணுவதில் நாம் காட்டும் கண்டிப்பை, அக்கடலில் வாழும் உயிர்களிடத்திலும் அதை நம்பிப் பிழைக்கும் மனிதரிடத்திலும் காட்டுகிறோமா? சொந்த நிலத்தை ஒரு நாளும் சென்று பாராதவன் அதற்கு உடையவன் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. கடலுக்கும் அந்த நியாயமே பொருந்தும்.