ரயிலில் வந்தவனும் அடுத்த தெருக்காரனும்

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலை எங்கள் வாசுதேவநல்லூர் வழியாகத்தான் போகிறது. ராத்திரி பகல் பாராமல் கேரளாவுக்கு லாரி ஓடும் சாலை. இதில் ஒருத்தன் அடிபட்டு விழுந்தால் கூட்டம் கூடிவிடும். ஒருத்தர் தண்ணி கொடுப்பார், ஒருத்தர் 108க்குப் போன் போடுவார், இன்னொருத்தர் தோள்துண்டால் ரத்தத்தை அமுக்கிப் பிடிப்பார். "பாத்தீங்களா, உசிருன்னு வந்துட்டா சாதியாவது ஒண்ணாவது" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்கும். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் உண்மையான பாதி. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை, வெள்ளம் அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள் சிக்கினார்கள். ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு உலை வைத்தது புதுக்குடி கிராமத்துச் சனங்கள். சுற்றிலும் வெள்ளம், கடை கண்ணி இல்லை. வீட்டிலிருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள்.

அடுத்து 2024 பிப்ரவரி. புளியரைக்குப் பக்கத்தில் நள்ளிரவு தாண்டிய நேரம், கேரளாவிலிருந்து வந்த லாரி ஒன்று சாலையிலிருந்து உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு எழுந்த வயதான தம்பதி டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். அதில் வருகிறவர் யார் எவரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இந்த மனுசர்களை நான் கும்பிடுகிறேன்.

இப்போது மீதிப் பாதி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் என்ன நடந்தது? அங்கேயும் உயிர் போனது, வீடு போனது. ஆனால் நிவாரண முகாம்களில் தலித் மக்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. குடிதண்ணீரிலும் நிவாரணப் பொருளிலும் பாகுபாடு காட்டப்பட்டது. மனித உரிமை அமைப்புகள் நேரில் போய் இதைப் பதிவு செய்திருக்கின்றன. அலைக்குச் சாதி தெரியவில்லை, வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். 2022 செப்டம்பரில், மிட்டாய் வாங்கப் போன தலித் குழந்தைகளிடம் 'ஊர்க்கட்டுப்பாடு, உங்களுக்குத் தர முடியாது' என்றார் கடைக்காரர். அதை வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள். பிறகுதான் கைது, கடைக்குச் சீல்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள் தோழர்களே. ரயிலில் வந்தவன் யாரென்று தெரியாது. சாலையில் விழுந்து கிடக்கிறவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாது. தெரியாதவரைக்கும் அவன் வெறும் மனுசன், கை தானாக நீள்கிறது. நாகப்பட்டினத்திலும் பாஞ்சாகுளத்திலும் எல்லாம் தெரியும். யார் பிள்ளை, எந்தத் தெரு, தகப்பன் என்ன வேலை பார்க்கிறான், எல்லாம் தெரியும். தெரிந்ததும் கை பின்னால் போகிறது. நம் நாட்டில் அந்நியனாக இருப்பது ஒரு பாதுகாப்பு. அறிமுகமானவனாக இருப்பதுதான் ஆபத்து.

ஆகவே, ஆபத்தில் சாதி மறைந்துவிடுகிறது என்று புல்லரித்துப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே சாதி மறையவில்லை, அடையாளம் தெரியாததால் சும்மா இருந்தது, அவ்வளவுதான். புதுக்குடியைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. மனுசனை மனுசனாகப் பார்க்க இந்தச் சனங்களுக்குத் தெரியும் என்பதற்குப் புதுக்குடியே சாட்சி. 'காலங்காலமா ஊறிப்போச்சு, மாத்த முடியாது' என்கிறவர்களுக்கு அதுவே பதிலும். இரண்டு நாள் முடிகிறது என்றால் இரண்டாயிரம் நாளும் முடியும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? சாலையில் விழுந்தவரைத் தூக்க முதல் ஆளாக ஓடுவோம். போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தந்திருக்கின்றன. பெயர், விலாசம் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு. மாணவத் தோழர்கள் இதை ஊர் ஊராகச் சொல்லுங்கள்.

வெள்ளம் வந்தால் நிவாரணப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சேரியில் எத்தனை வீட்டுக்கு வந்தது, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். முகாமில் எங்கள் சனங்களுக்குத் தனி மூலை ஒதுக்கினால் அங்கேயே நின்று பேசுங்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் குற்றம். எழுத்தில் புகார் கொடுங்கள்.

கடைசியாக, "உசிருன்னு வந்துட்டா சாதியில்லை" என்று சொல்கிற அண்ணாச்சிமாரிடம் நான் மரியாதையாகவே ஒன்று கேட்கிறேன். நீங்கள் தூக்கிவிட்ட ஆள் பிழைத்து எழுந்து, இன்ன தெருக்காரன் என்று சொல்லிக்கொண்டு, நன்றி சொல்ல உங்கள் வீட்டுக்கு வருகிறான். அவனை எங்கே உட்கார வைப்பீர்கள்?